எளிய வாழ்வுக்கு விதி வகுத்தல்

தேவைக்கு மேற்பட்டவற்றைக் குறைத்துக்கொண்டு வாழும் முறை இன்று உலகெங்கும் ‘மினிமலிசம்’ என்ற பெயரில் பேசப்படுகின்றது. தனியொருவர் இவ்வாறு வாழ விரும்பினால் அவருக்கு மனவுறுதி போதும். ஆனால் ஒரு வகுப்போ, ஒரு குடும்பமோ, ஓர் ஊரோ சேர்ந்து வாழ முனைந்தால் விதிகள் வேண்டும். எவ்வளவு போதும், எது பொது, யார் யாரைக் கேள்வி கேட்கலாம் என்பன தெளிவாகாவிட்டால் எளிமை சிலருக்குப் பெருமையாகவும் வேறு சிலருக்கு வெட்கமாகவும் முடிந்துவிடும். அத்தகைய விதிகளை எவ்வாறு வகுக்கலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

தீவகத்துக் கிணறு தரும் பாடம்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து சென்றால் வேலணைத் தீவை அடையலாம். அல்லைப்பிட்டி, சரவணை, புளியங்கூடல், சுருவில், நாரந்தனை, ஊர்காவற்றுறை முதலியன அத்தீவின் ஊர்கள். சுருவில் போன்ற ஓர் ஊருக்கு ஆறு கிடையாது. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மாரி மழை சுண்ணக்கல் நிலத்தினூடாக இறங்கித் தேங்கும் நீரே கிணற்று நீராகும்.

இந்த நன்னீர், நிலத்தின் கீழுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீரை விடக் கடல்நீர் சற்றுப் பாரமானது என்பதே இதற்குக் காரணம். கோட்பாட்டளவில், கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் அதன் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும். அந்த ஓரடியை இறைத்துத் தீர்த்தால் கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் மேலேறி வரும். உவர்ப்பது இறைத்தவரின் கிணறு மட்டுமல்ல, அயலவரின் கிணறும்தான்.

துலாவால் நீர் அள்ளிய காலத்தில் கைகளின் களைப்பே ஓர் எல்லையாக இருந்தது. நீர் இறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. எனவே எல்லையை மனிதரே வகுக்க வேண்டியுள்ளது. நீரைப் போலவே பாடசாலையின் மின்சாரமும், வீட்டு வருமானமும், பெற்றோரின் உழைப்பும் பலருக்குப் பொதுவானவை. ஒருவருக்கு எடுக்க முடிகின்றது என்பதற்காக எடுத்துக்கொள்வது முறையன்று. பொது ஊற்று எவ்வளவு தாங்கும் என்பதை அறிந்தே அளவை முடிவுசெய்ய வேண்டும்.

சுன்னா கற்பிக்கும் அளவு

நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ அளவு நீரில் வுழூச் செய்தார்கள் என்றும், ஒரு ‘ஸாஉ’ முதல் ஐந்து முத் வரையான நீரில் குளித்தார்கள் என்றும் ஹதீஸ்கள் கூறுகின்றன. முத் என்பது சராசரி மனிதர் ஒருவரின் இரு கைகளும் சேர்ந்து கொள்ளும் அளவு. இன்றைய கணக்கில் ஏறத்தாழ முக்கால் லீற்றருக்குள் அடங்கும். நான்கு முத் ஒரு ஸாஉ ஆகும். நிமிடத்துக்கு 6 லீற்றர் நீர் வரும் குழாயை மூன்று நிமிடம் திறந்துவைத்து வுழூச் செய்தால் 18 லீற்றர் செலவாகும். அது 24 முத்துக்கும் அதிகமாகும்.

ஓடும் ஆற்றங்கரையில் வுழூச் செய்தாலும் வீண்விரயம் உண்டு என்னும் கருத்துடைய ஒரு ஹதீஸும் இப்னு மாஜாவில் பதிவாகியுள்ளது. பற்றாக்குறை வந்தபின் கைக்கொள்ளும் சிக்கனத்தை அது கூறவில்லை. நிறைந்திருக்கும்போதும் பேண வேண்டிய ஒழுக்கத்தையே கூறுகின்றது. மேலும், ‘குறைவாகப் பயன்படுத்துங்கள்’ என்று பொதுவாகச் சொல்வதை விட, அளந்து பார்க்கக்கூடிய ஓர் அளவைக் காட்டுவது பின்பற்ற எளிது என்பதையும் இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

தேவை எது?

குறைப்பதற்கு முன் தேவையை வரையறுக்க வேண்டும். இலங்கையில் 1958 இல் ஆசிரியரான ஏ. ரி. ஆரியரத்ன ஆரம்பித்த சர்வோதய இயக்கம் மனிதருக்குப் பத்து அடிப்படைத் தேவைகளை வகுத்தது. தூய சூழல், பாதுகாப்பான நீர், உடை, உணவு, வீடு, சுகாதாரம், தொடர்பாடல், எரிபொருள், கல்வி, ஆன்மிக-பண்பாட்டு வாழ்வு என்பன அவையாகும். இப்பட்டியலில் நகையோ வாகனமோ இல்லை. ஆனால் கல்வியும் தொடர்பாடலும் உள்ளன. எளிமை என்ற பெயரில் ஒரு பிள்ளையின் புத்தகத்தையோ சத்துள்ள உணவையோ குறைத்துவிடக் கூடாது. அல்குர்ஆனின் 25ஆம் அத்தியாயமும் விரயத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் இடைப்பட்ட நடுநிலையையே நல்லடியார்களின் பண்பாகக் காட்டுகின்றது.

பிறர்மேல் சுமத்தாதிருத்தல்

அபுத்தர்தா (ரழி) அவர்கள் உலக ஆசையைத் துறந்து வணக்கத்தில் மூழ்கியிருந்தபோது, அவர்களுடைய மனைவி கவனிப்பாரற்ற தோற்றத்தில் இருப்பதை ஸல்மான் (ரழி) அவர்கள் கண்டார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனியே உரிமை உண்டு என்று ஸல்மான் அவர்கள் அறிவுறுத்தியதை நபி (ஸல்) அவர்களும் சரியென உறுதிப்படுத்தினார்கள். ஒருவரின் எளிமைக்கான விலையை இன்னொருவர் செலுத்தக் கூடாது என்பது இதன் படிப்பினை.

நமது சமூகத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேரத்துக்குள் வீடுவாசல்களை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். தீவகத்துத் தமிழ்க் குடும்பங்களும் போரினால் இடம்பெயர்ந்தன. அவ்வாறு அனைத்தையும் இழந்த ஓர் உம்மம்மா பழைய பித்தளைச் செம்பொன்றையோ சாக்கில் சுற்றிய பாய்களையோ எறியாமல் வைத்திருந்தால், அதை வீண்பொருள் என்று நாம் தீர்ப்பளிக்கக் கூடாது. விரும்பி விடுவது எளிமை, பறிகொடுப்பது இழப்பு. இரண்டையும் ஒன்றாகக் கருதுவது அநீதியாகும்.

நமக்கான விதிகள்

மேற்கூறியவற்றிலிருந்து வகுப்புக்கும் வீட்டுக்கும் பொருந்தும் ஆறு விதிகளை வகுத்துக்கொள்ளலாம்.

1. முதலில் தேவைகளை எழுதுக. எவருடைய தேவையும் விடுபட்டிருந்தால் அதை நிறைவேற்றுவதே முதற்பணி.
2. விதியில் அளவு இருக்கட்டும். ‘நீரைச் சேமிப்போம்’ என்பதை விட ‘வுழூவுக்கு ஒரு கோப்பை’ என்பது தெளிவானது.
3. பொதுவானவற்றுக்குக் கட்டாய விதி. சொந்தப் பொருளுக்கு விருப்பம் மட்டும்.
4. பிறருடைய உடையையும் வீட்டையும் பேசுபொருளாக்காதிருப்போம். வசதியைக் காட்டுவது போலவே எளிமையைக் காட்டிக்கொள்வதும் பெருமைதான்.
5. கொடுப்பவை பாவிக்கத்தக்கவையாக இருக்கட்டும். கிழிந்ததைக் கொடுப்பது தர்மமாகாது.
6. கோடையிலும் மாரியிலும் ஒரு தடவை கூடி விதிகளை மீளாய்வு செய்வோம். யாருக்காவது ஒரு விதி சுமையானால் அதனைத் திருத்துவோம்.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. திருமணச் செலவையும் பெருநாள் உடையையும் அயல்வீட்டைப் பார்த்து முடிவுசெய்துவிட்டு, பிள்ளையிடம் மட்டும் சிக்கனத்தை எதிர்பார்க்க முடியாது. வீட்டு வரவு செலவைப் பிள்ளைகளோடு அமர்ந்து பேசும் வழக்கம் உண்டானால் ‘போதும்’ என்ற சொல்லின் பொருளை அவர்கள் தாமாகவே விளங்கிக்கொள்வார்கள். அளவறிந்து வாழவும், பிறருடைய குறையைத் தேடாதிருக்கவும் வல்ல இறைவன் நமக்கு அருள்புரிவானாக!