வயிற்றில் போடும் அந்த ஊசி

நம்பிக்கை: ரத்தம் உறைவது இதய நோயாளிகளின் பிரச்சினை, புற்றுநோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சம்பந்தம் உண்டென்று பாரிஸ் மருத்துவர் அர்மான் துரூசோ 1865இலேயே சொல்லிவிட்டார். பிறகு தன் ரத்தக்குழாயிலேயே உறைவு வந்தபோது, தனக்கும் புற்று இருக்கிறது என்று தானே கணித்தார். 1867இல் இரைப்பைப் புற்றால் இறந்தார். ரத்தத்தை உறையவைக்கும் பொருள்களைப் புற்றுக்கட்டிகளே வெளிவிடுகின்றன. கணையம், இரைப்பை, மூளைப் புற்றுகளில் ஆபத்து கூடுதல். அறுவை சிகிச்சை, கீமோ, நாள்கணக்கில் படுக்கை எல்லாம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

நம்பிக்கை: வீங்கிய காலை எண்ணெய் தடவி நீவினால் வடிந்துவிடும்.

நீவாதீர்கள். உள்ளே உறைந்திருக்கும் ரத்தம் பெயர்ந்துபோய் நுரையீரலை அடைத்துவிடலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால் டூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள், டாப்ளர் ஸ்கேனில் தெரிந்துவிடும். திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நடுராத்திரி என்று பார்க்காமல் கூப்பிடுங்கள்.

நம்பிக்கை: "கால்ல ஒண்ணுமே இல்லையே, தினமும் ஊசி எதுக்கு?"

உறைவு வராமல் தடுக்க, ஒன்றும் இல்லாதபோதே போடவேண்டிய ஊசிதான் இது. வழக்கமாக எனாக்ஸாபரின் 40 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று; சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவு மாறும். தொப்புளைவிட்டுத் தள்ளி, அடிவயிற்றுச் சதையை மடித்துப் பிடித்துப் போடுவார்கள். போட்ட இடத்தைத் தேய்த்தால் கன்றிப்போகும். வயிற்றுப் பகுதியில் புற்றுக்காகப் பெரிய அறுவை நடந்திருந்தால் 4 வாரம் வரை தொடரச் சொல்வதுண்டு. வீட்டுக்கு வந்ததும் "அதான் நல்லா நடக்கிறாரே" என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஊசி மறுப்பவர்களைவிட இவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

நம்பிக்கை: பிளேட்லெட் குறைந்தவருக்கு ரத்தம் உறையாது.

உறையும். எண்ணிக்கை 50,000க்குக் கீழே இறங்கினால் மருந்தைக் குறைப்பதா நிறுத்துவதா என்று டாக்டர் பார்ப்பார். ரத்தக்கசிவு உள்ளவருக்கு ஊசிக்குப் பதிலாகக் காலைக் காற்றால் அழுத்திவிடும் உறை மாட்டுவார்கள்.

நம்பிக்கை: உறைவு வந்துவிட்டால் ஊசியைவிட மாத்திரையே மேல்.

அபிக்ஸாபான், ரிவராக்ஸாபான் போன்ற மாத்திரைகள் பலருக்கும் ஒத்துவரும். சிகிச்சை குறைந்தது 3 முதல் 6 மாதம். ஆனால் இரைப்பையிலோ குடலிலோ புற்று அகற்றப்படாமல் இருந்தால் சில மாத்திரைகளால் ரத்தக்கசிவு கூடும். கீமோவில் விடாமல் வாந்தி எடுப்பவருக்கு விழுங்கிய மாத்திரை தங்குமா என்பதையும் யோசிக்கவேண்டும். அந்த நேரங்களில் டாக்டர்கள் பெரும்பாலும் ஊசியையே தேர்ந்தெடுக்கிறார்கள்.