சங்கு பதித்த தபால்தலை



என் மகன் பேஸ்பால் அட்டைகள் சேர்க்கிறான். 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வந்த வரிசையில் ஹோனஸ் வாக்னர் அட்டைக்கு ஏன் இத்தனை விலை என்று கேட்டான். "சிலவே மிஞ்சின, அட்டை கெடாமல் இருந்தால் மதிப்பு இன்னும் கூடும்" என்றேன். உடனே என் பழைய தவறு நினைவுக்கு வந்தது.

எங்கள் ஊர் பாலராமபுரம். பாலராமவர்மா மன்னர் (1798–1810) காலத்தில் தமிழ் நெசவாளர் குடியேறிய ஊர். தாத்தா நூல் வாங்க நாகர்கோவில் போனால் பாட்டிக்குக் கடிதம் எழுதுவார். அது திருவிதாங்கூர் அஞ்சலில் வரும். 1888இல் தொடங்கிய அதன் தபால்தலைகளில் சங்கு இருக்கும், விலை சக்கரத்தில். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். 1951இல் அந்த அஞ்சல் இந்தியத் தபாலுடன் இணைந்தது.

பத்து வயதில் உறைகளை நனைத்துத் தலைகளை உரித்தேன். தேதி முத்திரையும் தாத்தாவின் கையெழுத்தும் குப்பைக்குப் போயின.

ஆகவே:

1. உறையை வெட்டாதீர்கள், முழுதாக வையுங்கள்.
2. பசை, செலோடேப், லாமினேஷன் வேண்டாம்.
3. கையொப்பத்தில் வெயில் படக்கூடாது.
4. யாருடையது, எந்த ஆண்டு என்று தனித்தாளில் குறியுங்கள்.

தப்பிய உறை ஒன்றே. அதிலுள்ள பாட்டி பெயரை என் மகன் எழுத்துக்கூட்டி வாசித்தான். உங்கள் வீட்டுக் கடிதக் கட்டையும் இந்த வாரம் பிள்ளைகளோடு பிரித்துப் பாருங்கள்.