பொதுச் சைக்கிளும் பொறுப்பும்

சைக்கிளின் அருமையை எமது வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு எரிபொருள் தடுக்கப்பட்டிருந்த ஆண்டுகளில் நெல்மூட்டையையும் விறகையும் நோயாளியையும் சுமந்தது சைக்கிள்தான். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு மக்கள் வெளியேறிய இரவில், எத்தனையோ குடும்பங்களின் வீட்டுச் சாமான் முழுவதும் ஒரு கரியரில் அடங்கிப் போயிற்று. 2022இல் நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பட்டபோது, மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் மறுபடியும் வீதிக்கு வந்தன. இவையெல்லாம் நாம் அறிந்தவை.

இன்றைய பாடம் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்குகின்றது. இடம்பெயர்ந்த பத்துக் குடும்பங்கள் ஓரிடத்தில் இருக்கின்றன. அவர்களிடையே நான்கு சைக்கிள்களே உள்ளன. காலையில் ஒருவர் வயலுக்குக் கூலிக்குப் போக வேண்டும். ஒருத்தி பிள்ளையைக் கிளினிக்கிற்குக் கொண்டுபோக வேண்டும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஐந்து மைல் தள்ளிப் பள்ளிக்கூடம் போக வேண்டும். அந்த நான்கு சைக்கிள்களையும் பத்துக் குடும்பங்களுக்கும் பொதுவாக்கினால் என்ன? பொதுவாக்கினால் அவை எத்தனை மாதம் ஓடும்?

இக்கேள்வியை எம்மைப் போலவே கேட்டவர்கள் வேறு நாடுகளில் இருந்திருக்கின்றார்கள். அவர்களுள் ஒருவர் சீன நாட்டின் பல்கலைக்கழக மாணவர். அவரது முயற்சியின் வளர்ச்சியிலும் வீழ்ச்சியிலும் எமக்கு நிறையப் பாடம் இருக்கின்றது.

பீக்கிங் பல்கலைக்கழக மாணவர்

அவரது பெயர் டாய் வெய். 1991இல் பிறந்தவர். பீஜிங் நகரிலுள்ள பீக்கிங் பல்கலைக்கழகத்தில் நிதியியல் படித்தார். மாணவர் சைக்கிள் கழகத்தில் ஊக்கமாய் இருந்தார். படிப்பை முடித்ததும் நாட்டின் மேற்கிலுள்ள சிங்காய் மாகாணத்திற்குச் சென்று, ஒரு மலைப்புறப் பாடசாலையில் ஓராண்டு தொண்டராகக் கணிதம் கற்பித்தார். அங்கும் அவருக்குத் துணை சைக்கிளே.

2014இல் அவரும் நண்பர்களும் ஒரு சிறு முயற்சியைத் தொடங்கினார்கள். அதற்கு இட்ட பெயர் ‘ஓஃபோ’. அதன் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு சைக்கிளின் உருவம் தெரியும். தூரப் பயணம் போகிறவர்களுக்குச் சைக்கிள் சுற்றுலா ஒழுங்கு செய்வதே முதல் எண்ணம். அது சரிவரவில்லை. கைப்பணமும் கரைந்து போயிற்று.

அப்போது அவர்கள் தம்மைச் சுற்றிப் பார்த்தார்கள். பல்கலைக்கழக வளவெங்கும் சைக்கிள்கள் நின்றன. ஆனால் அவசரத்திற்கு ஒன்று தேவையானவனுக்குச் சைக்கிள் இல்லை. படித்து முடித்துப் போனவர்கள் விட்டுச் சென்ற வண்டிகள் தூசு படிந்து கிடந்தன. இருப்பவையும் அடிக்கடி களவு போயின. டாய் வெய்யே மாணவராய் இருந்த காலத்தில் பல சைக்கிள்களைப் பறிகொடுத்தவர். ஆகவே வளவிற்குள் சைக்கிள்களுக்குப் பஞ்சம் இல்லை, அவை சும்மா நிற்பதே குறை என்று அவர்கள் கண்டார்கள்.

2015 செப்ரெம்பரில் மாணவர்களிடம் ஓர் அழைப்பு விடுத்தார்கள். ‘உன்னுடைய ஒரு சைக்கிளைப் பொதுவிற்குத் தா, பொதுவிலுள்ள எல்லாச் சைக்கிளையும் நீ ஓடலாம்’ என்பதே அதன் கருத்து. சுமார் 2,000 சைக்கிள்கள் சேர்ந்தன. மஞ்சள் நிறம் பூசி, ஒவ்வொன்றிற்கும் இலக்கத் தகடு போட்டு, எண் பூட்டு மாட்டினார்கள். கைத்தொலைபேசியில் வண்டியின் இலக்கத்தை அனுப்பினால் பூட்டைத் திறக்கும் எண் வரும். விடுதியிலிருந்து விரிவுரை மண்டபம் வரை ஓடி, அங்கே விட்டுவிட்டுப் போகலாம். அடுத்தவர் அதை எடுத்துக்கொள்வார்.

வளவிற்குள் ஏன் ஓடியது?

இதை நாம் ஆறுதலாக ஆராய வேண்டும். முதலாவது, எல்லை இருந்தது. சைக்கிள் எங்கே போனாலும் வளவிற்குள்ளேயே நின்றது, தேடினால் கிடைக்கும். இரண்டாவது, பாவித்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், அல்லது அறியக்கூடியவர்கள். மூன்றாவது, பொதுவிலிருந்த வண்டிகளில் ஒன்றை அவர்களே கொடுத்திருந்தார்கள். தான் கொடுத்த வண்டியும் கூட்டத்தில் ஓடுகின்றது என்று எண்ணுகிறவன் மற்றவனின் வண்டியை எறிந்துவிட்டுப் போகத் தயங்குவான். நான்காவது, ஓட்டம் குறுகியது. ஒரே வண்டி ஒரு நாளில் பலருக்கு உதவியது.

எல்லை, அறிமுகம், பங்கு, குறுகிய பயணம் என்னும் இந்த நான்கையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

பெருகியபோது நடந்தது

திட்டம் வேறு பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. பெரிய முதலீட்டாளர்கள் பணத்துடன் வந்தார்கள். 2016 இறுதியில் மஞ்சள் சைக்கிள் வளவைத் தாண்டி நகர வீதிகளுக்கு வந்தது. அதன் உச்சக் காலத்தில் 20 நாடுகளில், 250க்கு மேற்பட்ட நகரங்களில், 10 மில்லியனுக்கு மேற்பட்ட சைக்கிள்கள் தமக்கு இருப்பதாக நிறுவனம் கூறியது. இரண்டாண்டு காலத்துள் 2,000 என்பது 10 மில்லியன் ஆயிற்று.

இப்போது மேலே சொன்ன நான்கையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லை போயிற்று. வண்டி எங்கே கிடக்கின்றது என்று யாருக்கும் தெரியாது. அறிமுகம் போயிற்று. எண் பூட்டின் எண் மாறாததாய் இருந்தபடியால், ஒருமுறை அறிந்தவர் அதை மனதில் வைத்துக் காசு கொடாமலே ஓடினார். பங்கும் போயிற்று. சைக்கிள்கள் தொழிற்சாலையிலிருந்து புதிதாய் வந்து குவிந்தன. அவற்றைத் தன்னுடையதாய் எண்ணுவார் இல்லை. போட்டி நிறுவனங்களும் முளைத்து, ஒன்றையொன்று வெல்வதற்காக மிகக் குறைந்த கட்டணத்திற்கும் இலவசமாகவும் வண்டியைக் கொடுத்தன. ஆனால் உடைந்த வண்டியைத் தூக்கித் திருத்துவதற்குச் செலவு குறையவில்லை. சீன நகரங்களின் ஓரங்களில் பல நிறுவனங்களின் சைக்கிள்கள் மலைபோல் குவிந்து கிடந்த படங்கள் உலகெங்கும் வெளிவந்தன.

இதைவிடக் கொடியது வைப்புப் பணத்தின் கதை. வண்டியைப் பாவிக்கச் சேருகின்ற ஒவ்வொருவரும் முற்பணமாக 99 யுவான் கட்ட வேண்டும். 2017இல் அது புதியவர்களுக்கு 199 ஆக உயர்ந்தது. விலகும்போது திருப்பித் தரப்படும் என்பது பேச்சு. 2018 டிசெம்பரில் மக்கள் தங்கள் பணத்தைக் கேட்கத் தொடங்கியபோது திருப்பிக் கொடுக்க நிறுவனத்திடம் பணம் இல்லை. பீஜிங்கில் அலுவலக வாசலில், கடுங்குளிரில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். கைத்தொலைபேசி வழியாகக் கேட்டவர்களின் வரிசை 10 மில்லியனைத் தாண்டியது. ஆளுக்கு 99 யுவான் என்று குறைந்த கணக்கில் பார்த்தாலும் அது கிட்டத்தட்ட ஆயிரம் மில்லியன் யுவான். 2019இல் வழக்குகளை விசாரித்த நீதிமன்றம், கடனுக்காகப் பறிக்கத்தக்க சொத்து எதுவும் நிறுவனத்திடம் இல்லை என்று கண்டது.

அதே 2019இல் சீன அரசு ஒரு விதியைக் கொண்டுவந்தது. கொள்கையளவில் வைப்புப் பணம் வாங்கக்கூடாது. வாங்கினாலும் சைக்கிளின் விலையில் பத்தில் ஒரு பங்கிற்கு மேற்படக்கூடாது. விதி நல்லது. ஆனால் பணம் போன பின்பு வந்த விதி.

சீட்டுப் பிடித்து ஏமாந்தவர்கள் எம்மிடையே உண்டு. ஆகவே இந்த வேதனை எமக்குப் புதியதல்ல. இங்கே ஒன்றைக் கவனிப்போம். டாய் வெய் தொடக்கத்தில் கண்ட எண்ணம் பிழையானதல்ல. சும்மா நிற்கின்ற சைக்கிள் இன்னொருவருக்கு உதவட்டும் என்பது நல்ல எண்ணமே. அந்த எண்ணத்தைக் காத்து நின்ற வேலியைப் பிடுங்கிவிட்டு, வேலி இல்லாமலே வளர்த்ததுதான் பிழை.

டேவிஸ் நகரின் மெதுவான வழி

இனி வேறொரு பல்கலைக்கழகத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டேவிஸ் என்னும் சிறு நகரம் உண்டு. தட்டையான வயல்நிலம். அங்குள்ள பல்கலைக்கழகம் ஒரு விவசாயப் பண்ணையாகத் தொடங்கி வளர்ந்தது. 1959 முதல் 1969 வரை அதன் தலைவராய் இருந்தவர் எமில் மிராக். மாணவர் தொகை பெருகப் போவதைக் கண்டு, மரநிழலும் சைக்கிள் பாதையும் உள்ள வளவாக அதைத் திட்டமிடும்படி அவர் கூறினார்.

ஆனால் வளவிற்கு வெளியே நகர வீதியில் கார்கள் பெருகின. பொருளியல் பேராசிரியர் பிராங் சைல்ட் என்பவர் தம் மனைவி ஈவ் அம்மையாருடனும் பிள்ளைகளுடனும் 1963இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் தங்கியிருந்தார். அங்கே சைக்கிளுக்கெனத் தனிப் பாதை இருப்பதைக் கண்டார்கள். திரும்பி வந்ததும் உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதினார்கள். அயலவர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார்கள். வீடு வீடாய்ச் சென்று கையெழுத்து வாங்கினார்கள். நகரசபை மறுத்தது. அவர்கள் சோர்ந்து போகவில்லை. 1966 தேர்தலில் சைக்கிள் பாதையை ஆதரித்தவர்கள் வெற்றி பெற்றார்கள். 1967இல் சைக்கிளுக்கெனக் கோடு கீறிய பாதைகள் அந்த நகர வீதிகளில் வந்தன. அமெரிக்காவில் அவ்விதம் வந்த முதல் பாதைகள் அவையே.

மாணவர்களும் சும்மா இருக்கவில்லை. 1971இல் மாணவர் சங்கம் வளவிற்குள் ஒரு சைக்கிள் திருத்தகத்தைத் தொடங்கியது. மாணவர்களே அங்கு வேலை செய்தார்கள். ஒட்டுப் போடவும் பிறேக் இறுக்கவும் அங்கே போகலாம். ஆயுதங்களை எடுத்துத் தன் வண்டியைத் தானே திருத்தவும் பழகலாம். அந்தத் திருத்தகம் பல தலைமுறை மாணவர்களைக் கண்டுவிட்டது. 10 மில்லியன் சைக்கிள் கொண்டவர்கள் விழுந்துவிட, திருத்துவதற்கு ஓர் இடம் வைத்தவர்கள் நிலைத்தார்கள்.

எமது நாட்டில் ஒரு சான்று

2004 டிசெம்பர் கடற்கோளின் பின், 2005இல் ‘வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப்’ என்னும் அமைப்பு உருவாயிற்று. அதன் முதல் வேலை எமது நாட்டில்தான். இன்னொரு நிவாரண நிறுவனத்துடன் சேர்ந்து 24,000க்கு மேற்பட்ட சைக்கிள்களை இடம்பெயர்ந்தவர்களுக்கு வழங்கியது. பின்னர் ஆபிரிக்காவின் சாம்பியா நாட்டிற்குச் சென்றபோது, அவர்கள் வண்டி கொடுப்பதோடு நிற்கவில்லை. பாரம் தாங்கத்தக்க உறுதியான சைக்கிளைத் தாமே வடிவமைத்தார்கள். கிராமத்து ஆட்களைச் சைக்கிள் திருத்தப் பழக்கி, ஆயுதப் பெட்டியும் கொடுத்தார்கள். வண்டி கொடுப்பது ஒருநாள் வேலை. ஓட வைப்பதுதான் நாள்தோறும் உள்ள வேலை.

நாம் செய்யக்கூடியது

உங்கள் சனசமூக நிலையமோ மாதர் சங்கமோ சில சைக்கிள்களைப் பொதுவில் வைக்க விரும்பினால், பின்வருவனவற்றை முன்னதாகவே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

1. சிறிதாய்த் தொடங்குங்கள். நான்கு சைக்கிள், பத்துக் குடும்பம் போதும். இவை ஓராண்டு ஓடிய பிறகு ஐந்தாவதைப் பற்றிப் பேசலாம்.

2. ஒவ்வொரு சைக்கிளுக்கும் இலக்கம் எழுதி, ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். எல்லோருக்கும் பொறுப்பு என்றால் ஒருவருக்கும் பொறுப்பில்லை என்றே முடியும்.

3. ஒரு கொப்பி வையுங்கள். எடுத்தவர், எடுத்த நேரம், விட்ட நேரம், கண்ட பழுது ஆகியன எழுதப்படட்டும். எழுதத் தெரியாதவருக்கு ஒரு பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும்.

4. நோயாளிக்கும் பிள்ளைப்பேற்றுத் தாய்க்கும் முதலிடம் என்று முதற் கூட்டத்திலேயே தீர்மானியுங்கள். அவசரம் வந்த பின் வாதாட நேரம் இராது.

5. சேர்கின்ற சிறு பணத்தைத் தனியாக வையுங்கள். அது ரயர், ரியூப், பிறேக் கட்டை ஆகியவற்றிற்கு மட்டுமே உரியது. வேறு எந்த நல்ல காரியத்திற்கும் அதில் கை வைக்க வேண்டாம். மாதந்தோறும் கணக்கை எல்லோர் முன்னும் வாசியுங்கள்.

6. மாதத்தில் ஒரு நாளைத் திருத்தும் நாளாக்குங்கள். பிறேக், செயின், காற்று, கம்பிகள், ஆணிகள் எல்லாம் பார்க்கப்படட்டும். செயினுக்குச் சமையல் எண்ணெய் விட வேண்டாம். அது பிசுபிசுத்துப் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இளம் பெண்களும் ஒட்டுப் போடப் பழகட்டும். தனிவழியில் காற்றுப் போனால் உதவுவது அந்தப் பழக்கமே.

கூடிப் பேசுவதற்குச் சில கேள்விகள்

எங்கள் மத்தியில் சும்மா நிற்கின்ற பொருள் எது? அது இன்னொருவருக்கு உதவத் தடையாய் இருப்பது என்ன?

எல்லை, அறிமுகம், பங்கு, குறுகிய பயணம் ஆகிய நான்கில், எங்கள் இடத்தில் எது உண்டு, எது இல்லை?

பொதுப் பணம் வைத்து நாம் முன்பு செய்த ஒரு முயற்சி எங்கே தடுமாறியது? ஆளைக் குறை கூறாமல் காரணத்தைத் தேடுவோம்.

நாளை நாம் சொந்த ஊருக்குத் திரும்பினால், அல்லது இன்னோர் இடத்திற்கு மாற்றப்பட்டால், இந்தப் பொதுச் சைக்கிள்கள் யாருக்குச் சேரும்? இன்றே எழுதி வைப்போமா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். இடம்பெயர்ந்தவர்கள் ஆகிய நாம், இருக்கும் இடத்தைத் தற்காலிகம் என்று எண்ணி எதையும் நாட்டாமல் இருந்துவிடுகின்றோம். ஆனால் நான்கு சைக்கிளைப் பத்து வீடு ஒழுங்காய்ப் பகிர்ந்து பழகிய பழக்கம் எம்மோடு கூடவே வரும். திரும்பிப் போய்க் காடு பற்றிய காணியை வெட்டவும், தூர்ந்த கிணற்றை இறைக்கவும் அதே பழக்கந்தான் வேண்டியிருக்கும்.