கல்லீரல் நோயும் கைகால் அசதியும்
தம்பதிகள் அறிந்துகொள்ள வேண்டியவை



சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்தில் ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். கணவனுக்கு நாற்பது வயது. பட்டாசு ஆலையில் வேலை. ஒரு வருஷமாக ஆள் பழைய மாதிரி இல்லை. காலையில் எழுந்தால் விரல் மூட்டும் முழங்காலும் பிடித்துக்கொள்கின்றன. பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு மதமதப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பாயை விரித்துப் படுத்துவிடுகிறார்.

"என்னங்க, கூப்பிட்டா ஏன்னுகூடக் கேக்க மாட்டேங்கிறீங்க. எம்மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்லம்மா. உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. நாள் பூரா மருந்துல கை வைக்கிறோம்ல, அதான்."

நம் பகுதியில் மருந்து என்றால் இரண்டு அர்த்தம். வெடிக்குள் போவதும் மருந்து, வயிற்றுக்குள் போவதும் மருந்து. இந்த வீட்டில் வெடி மருந்தின் மேல் பழியைப் போட்டார்கள். ஆனால் மூட்டு வலிக்கு என்று மெடிக்கலில் வாங்கிய 'செட்' மாத்திரையும், அசதி தீர என்று ராத்திரி போட்ட குவார்ட்டரும்தான் உள்ளே இருந்த வியாதியை வளர்த்துக்கொண்டிருந்தன. அந்த வியாதி இருந்த இடம் கல்லீரல்.

"கல்லீரல்னா கண்ணு மஞ்சளாகணுமே, எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று பலர் கேட்பார்கள். நாள்பட்ட கல்லீரல் நோயில் கண் மஞ்சளாகாமலே பல வருஷம் ஓடிவிடும். கல்லீரல் பொறுமையான உறுப்பு. பாதிக்கு மேல் கெட்டாலும் வலி காட்டாது. அது முதலில் வேறு இடங்களில் பேசும்: சோர்வாக, மூட்டு வலியாக, பாத எரிச்சலாக.

இது எப்படி என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். காமாலைக் கிருமிகளில் 'பி', 'சி' என்ற இரண்டும் ரத்தத்தில் வருஷக்கணக்காகத் தங்கக்கூடியவை. கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் பொருள் கிருமியோடு ஒட்டிக்கொண்டு சிறு சிறு கட்டியாக ரத்தத்தில் சுற்றும். அது மூட்டில் படிந்தால் வீக்கமும் வலியும் வரும். நரம்புக்குப் போகும் மெல்லிய ரத்தக்குழாயை அடைத்தால் மதமதப்பு. முழங்காலுக்குக் கீழே சிவந்த, கறுத்த புள்ளிகளும் சிலருக்கு வரும். 'சி' கிருமியில் இது அதிகம். குடியினால் கல்லீரல் கெட்டவர்களுக்கு உணவுச் சத்துக் குறைந்து நரம்பு கெடும். சர்க்கரை நோயும் கொழுப்புக் கல்லீரலும் கூட்டாளிகள். அங்கேயும் பாதம் எரியும். ஆகவே மூட்டுக்கு ஒரு வைத்தியர், நரம்புக்கு ஒரு வைத்தியர், அசதிக்கு ஒரு டானிக் என்று அலையாமல், ஒரே டாக்டரிடம் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். சர்க்கரை, ரத்தசோகை, தைராய்டு ஆகியவற்றையும் அவர் பார்ப்பார். அவையும் இதே அசதியைத் தரும், அவற்றுக்குச் சுலபமான சிகிச்சை உண்டு.

கீழாநெல்லியைப் பற்றிச் சொல்லாமல் போனால் நீங்கள் விடமாட்டீர்கள். அதை இளக்காரமாகப் பேச நாங்கள் வரவில்லை. சென்னையிலேயே அதை ஆராய்ந்திருக்கிறார்கள். டாக்டர் எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும், 'பி' கிருமியைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க் அவர்களோடு சேர்ந்து, 1988-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் அதை எழுதினார்கள். 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 59 பேர் ரத்தத்தில் 'பி' கிருமியின் அடையாளம் மறைந்தது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. தண்ணீர், உணவு மூலம் வரும் சாதாரணக் காமாலை பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே இறங்கிவிடும். அந்தப் பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது. நாள்பட்ட நோயை அதை நம்பி விட்டுவிடக் கூடாது.

இன்று நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியக் காமாலைத் தடுப்புத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். 'சி' கிருமி என்றால் பெரும்பாலானவர்களுக்கு 12 வார மாத்திரை போதும். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கிருமி அடியோடு போய்விடுகிறது. மூட்டு வலியும் பலருக்குக் குறைகிறது. நரம்பு மட்டும் மெதுவாகத்தான் தேறும். 'பி' கிருமி அடங்கும், அடியோடு போவது அபூர்வம். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. தேவைப்பட்டவர்கள் நாள் தவறாமல் சாப்பிட வேண்டும். "தேவலையாயிடுச்சு" என்று நீங்களாக நிறுத்தினால் கிருமி ஒரேயடியாகச் சீறி எழும். அதில் உயிரே போனதுண்டு.

வலிக்கு என்ன செய்வது? டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் கல்லீரல் சுருங்கியவர்களுக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் ரத்தக் கசிவையும் உண்டாக்கும். செட் மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் தூங்கும் 'பி' கிருமியைத் தட்டி எழுப்பும். பெயர் தெரியாத லேகியமும் வேண்டாம். பாரசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை நாளைக்கு நான்குக்கு மேல் போகக்கூடாது, அதுவும் டாக்டரைக் கேட்டுத்தான். வெந்நீர் ஒத்தடம் நல்லது. ஆனால் மதமதத்த காலுக்குச் சூடு தெரியாது. அம்மா, தண்ணீரின் சூட்டை உங்கள் கையால் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். ராத்திரி படுக்குமுன் அவர் பாதத்தில் புண், முள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சாப்பாட்டில் ஒரு பழைய தப்பு இருக்கிறது. காமாலை என்றால் பத்தியம் என்று கஞ்சியும் மோரும் மட்டும் கொடுத்து ஆளை எலும்பாக்கிவிடுவார்கள். கல்லீரல் செய்யத் தவறும் சுத்திகரிப்பில் ஒரு பங்கைத் தசை செய்கிறது. தசை கரைந்தால் நோய் முற்றும், அசதியும் கூடும். பருப்பு, பயறு, முட்டை, பால் எல்லாம் வேண்டும். ராத்திரி வெறும் வயிற்றோடு நெடுநேரம் இருக்கக் கூடாது; படுக்குமுன் ஒரு டம்ளர் பாலும் கொஞ்சம் பொட்டுக்கடலையும் சாப்பிடட்டும். வயிறோ காலோ வீங்கினால் உப்பைக் குறையுங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் வேண்டாம். பூசணம் பிடித்த நிலக்கடலையைக் கழுவிக் காயவைத்து வறுத்தாலும் அதன் விஷம் முழுக்கப் போகாது. 'பி' கிருமி உள்ளவர்களுக்கு அது கல்லீரல் புற்றுநோய்வரை கொண்டுபோகும். நிலக்கடலை புழங்கும் ஜில்லா நம்முடையது, ஆகவே அழுத்திச் சொல்கிறோம். சாராயம், பிராந்தி, பீர் எதுவும் ஒரு சொட்டுக்கூட ஆகாது.

இனி மனைவிமார்கள் கவனமாகப் படிக்கவேண்டிய விஷயம். கல்லீரல் சுருங்கியவர் பகலெல்லாம் தூங்கி ராத்திரி விழித்துக் கிடந்தால், கை நடுங்கினால், பேச்சு குழறினால், கழித்த சில்லறையை மறுபடி எண்ணினால், அது சோம்பல் இல்லை, கோபமும் இல்லை. கழிவு மூளைக்கு ஏறுகிறது என்று அர்த்தம். மலச்சிக்கலும் காய்ச்சலும் அதைக் கூட்டும். அந்த நிலையில் ஒரு ஆளை வெடி மருந்து அறைக்கு அனுப்பக் கூடாது. உணர்ச்சி குறைந்த விரலும், தூக்கக் கலக்கமும், உராய்ந்தாலே பற்றும் கலவையும் ஒரே அறையில் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஆபத்து. ஒரு நாள் கூலி போனால் போகட்டும். நோயைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் எங்களுக்குப் புரிகிறது. டாக்டரிடம் சீட்டு வாங்கி, பெட்டி மடிப்பது, லேபிள் ஒட்டுவது போன்ற வேலையாகக் கேளுங்கள். ரத்த வாந்தி, தார் போன்ற கறுத்த மலம், வயிறு வீங்கிக் காய்ச்சல், மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் விடியக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கூச்சப்படாமல் இதையும் பேசிக்கொள்ளுங்கள். இந்த நோயில் இல்லற நாட்டம் குறைவதுண்டு. அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 'பி' கிருமி ரத்தத்தாலும் உடலுறவாலும் பரவும்; ஒரே தட்டில் சாப்பிடுவதால் பரவாது. தட்டைப் பிரித்து வைத்து மனதை நோகடிப்பவர்கள், ஷேவிங் பிளேடைப் பிரித்து வைக்க மறந்துவிடுகிறார்கள்! குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இந்த ஊசி நாடு முழுக்கச் சேர்ந்தது 2011 வாக்கில்தான். ஆகையால் இன்றைய கணவன் மனைவி பலர் சிறு வயதில் போட்டிருக்க மாட்டார்கள். ஒருவருக்குக் கிருமி இருந்தால் மற்றவரும் பிள்ளைகளும் பரிசோதித்து, கிருமியும் எதிர்ப்புச் சக்தியும் இல்லாதவர்கள் மூன்று ஊசி போட வேண்டும்: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். அது முடிந்து பலிக்கும்வரை ஆணுறை அவசியம். கர்ப்பிணிக்குக் கிருமி இருந்தால் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், அதனுடன் எதிர்ப்பு மருந்து ஊசியும் போடுவார்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். மனைவிக்குக் கல்லீரல் சுருங்கியிருந்தால் கருத்தடை மாத்திரையைத் தானாக வாங்கிச் சாப்பிடாமல், காப்பர்-டி பற்றி நர்ஸிடம் கேளுங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது இருவரும் சேர்ந்து போங்கள். வீட்டில் உள்ள மாத்திரை, செட் மாத்திரைப் பொட்டலம், லேகிய டப்பா, கீழாநெல்லிப் பொடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மேஜைமேல் கொட்டுங்கள். குடிப்பதை அவர் மறைத்தால், அம்மா, நீங்கள் சொல்லிவிடுங்கள்.