முன்வந்த பெயர்

"தமிழில் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாது" என்று நாம் பெருமை பேசுகிறோம். இக்கூற்று எவ்வளவு உண்மை? மலாய் மொழியோடு ஒப்பிட்டுக் காண்போம். மலேசியத் தமிழர் நன்கு அறிந்த அம்மொழி, மடகாஸ்கர் முதல் ஈஸ்டர் தீவு வரை பரந்த ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தது.

காவிரி சூழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் 1784-இல் கட்டிய தரியா தௌலத் மாளிகையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

"நான் அந்த மாளிகையைப் பார்த்தேன்."

"அந்த மாளிகையை நான் பார்த்தேன்."

முன்னது வெறும் செய்தி. பின்னது, மாளிகையைப் பற்றிப் பேச்சு எழுந்தபின் சொல்வது. செயப்படுபொருள் முன்னே வந்தும் குழப்பம் இல்லை; 'ஐ' உருபு அதனைக் காட்டிவிடுகிறது.

மலாயில், 'சாயா மெலிஹாட் இஸ்தானா இத்து'. அதாவது நான், பார்த்தேன், மாளிகை, அந்த. செயப்படுபொருள் வினைக்குப் பின் நிற்கிறது. அதற்கு உருபு இல்லை. மாளிகையை முன்னே கொணர்ந்தாலோ, 'இஸ்தானா இத்து சாயா லிஹாட்' என்பதே இலக்கண வழக்கு. வினையின் முன்னொட்டாகிய 'மெ' போய்விட்டது! 'சாயா'வும் வினையும் பிரியாமல் ஒட்டி நிற்கின்றன. 'முன்னமே' என்னும் பொருளுடைய 'சூடா'வும் இடையில் புகாது. 'சூடா சாயா லிஹாட்' என்று முன்னே நிற்கும். நாம் பெயரில் இடும் அடையாளத்தை அவர்கள் வினையில் இடுகின்றனர்.

இலங்கை மலாய் இன்னும் வியப்பூட்டுவது. ஒல்லாந்தர் ஆட்சியில் படைவீரராகவும் நாடு கடத்தப்பட்டவராகவும் இலங்கை சேர்ந்தோரின் மொழி அது. தமிழோடும் சிங்களத்தோடும் பழகியதால் அதில் வினை இறுதிக்குச் சென்றது. 'வீட்டில்' என்பதற்கு மலாயர் 'டி ருமா' என்பர். இலங்கை மலாயரோ நம்மைப் போல் உருபைப் பின்னே வைத்து 'ருமாகா' என்பர். செயப்படுபொருளைக் காட்டவும் 'யாங்' என்னும் பின்னொட்டு அங்கு உண்டு. வினையின் இடம் மாறியதோடு பெயர்களும் உருபு பெற்றுவிட்டன.

இனி நம் மொழிக்கு வருவோம். 'புலி மான் பிடித்தது' என்று உருபைத் தொகுத்துச் சொன்னால், பிடித்தது புலியே. 'மான் புலி பிடித்தது' என்றால் கேட்பவர் திகைப்பார். உருபு மறைந்ததும் வரிசையே பொருளைத் தாங்கவேண்டியதாகிறது.

ஆகவே, தமிழ் கற்கும் பிறமொழி நண்பரிடம் "எப்படியும் சொல்லலாம்" என்று கூறாதீர்கள். தமிழுக்கு வரம்பே இல்லை என்று அவர் எண்ணிவிடுவார். "எதைப் பற்றிப் பேசுகிறோமோ அதை முன்னே வை, உருபை மறவாதே" என்று கூறுங்கள். சொல்லுக்கு உரிமை தருவது உருபு. அந்த உரிமைக்குப் பயன் தருவது பேச்சின் இடம். நம் பெருமையை இவ்வாறு காரணத்தோடு பேசுவோம்.