எண்ணெய்க் கணக்கும் இரண்டாவது விக்கிரகமும்

பொன்மலையிலிருந்து எழுதிய சகோதரிக்கு,

ஞாயிறு பள்ளியில் யாத்திராகமம் நடத்தும்போது ஒரு பையன் எழுந்து, "டீச்சர், அத்தனை பேர் எகிப்தை விட்டுப் போயிருந்தா எகிப்துக்காரங்க ஒரு வரிகூடவா எழுதி வைக்கலை?" என்று கேட்டான், நீங்கள் ஏதோ சொல்லி அவனை உட்காரவைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து தூக்கம் வராமல் எனக்கு எழுதினீர்கள். முதலில் அந்தப் பையனுக்கு என் வாழ்த்து.

அவன் கேட்டது நியாயம். யாத்திராகமத்தின்படி புறப்பட்ட ஆண்கள் மட்டுமே ஆறு லட்சம் பேர். பெண்களையும் பிள்ளைகளையும் சேர்த்தால் இருபது லட்சத்தைத் தொடும். 2011 கணக்கெடுப்பில் நம் திருச்சி மாநகராட்சியில் இருந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் கீழே. அதைப்போல இரண்டு திருச்சி நாற்பது வருஷம் சீனாய் வனாந்தரத்தில் திரிந்திருந்தால் அடுப்புக் கரியாவது மிஞ்ச வேண்டும். தோண்டிப் பார்த்தவர்களுக்கு அப்படி எதுவும் அகப்படவில்லை. எகிப்தின் பழைய எழுத்துகளில் இஸ்ரவேல் என்ற பெயர் ஐயத்துக்கு இடமின்றி வரும் இடம் ஒன்றே ஒன்று. 1896இல் பிளிண்டர்ஸ் பெட்ரி தீப்ஸ் நகரில் கண்டெடுத்த பார்வோன் மெர்னெப்தாவின் கல் அது. காலம் ஏறத்தாழ கி.மு. 1208. அதுவும் இஸ்ரவேலரைக் கானான் பக்கத்து மக்களாகத்தான் சொல்கிறது, அவர்களைப் பூண்டோடு ஒழித்துவிட்டதாகப் பெருமையடித்துக்கொள்கிறது. ஒரு இனத்தின் பெயர் முதன்முதலில் கல்லில் ஏறியதே அதன் சாவுச் செய்தியாக. பார்வோன் சொன்னதும் பொய்த்துப்போனது.

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். உங்கள் வீட்டுக் கணக்கைக் கிளறிவிட்டு என் வீட்டு நோட்டை ஒளித்துவைப்பது முறையில்லை. அதையும் பிரிக்கிறேன்.

1311இல் மாலிக் கபூர் படை தெற்கே வந்தது. 1323இல் உலுக்கான், பிற்காலத்து முகமது பின் துக்ளக், அனுப்பிய படை வந்தது. அப்போது வைஷ்ணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியரும் உடனிருந்தவர்களும் எங்கள் பெருமாளின் உற்சவ மூர்த்தியைத் தூக்கிக்கொண்டு தெற்கு நோக்கிப் போனார்கள் என்பது மரபு. மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் அவர் காலமானார். பிறகு மலைநாடு, மேல்கோட்டை என்று சுற்றிப் பெருமாள் திருமலை போய்ச் சேர்ந்தார். 1371இல் ஊர் திரும்பினார். இந்தக் கதை முழுக்க 'கோயிலொழுகு' என்ற எங்கள் கோயில் வரலாற்றில் இருக்கிறது. ஒழுகு ஒருவர் ஒரே மூச்சில் எழுதியது கிடையாது. பல தலைமுறைக் கைகள் சேர்த்துச் சேர்த்து எழுதியது. ஆகவே இரண்டு படையெடுப்புகள் அதில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும். படையெடுப்பில் மாண்ட வைஷ்ணவர்கள் பன்னிரண்டாயிரம் பேர் என்று நாங்கள் சொல்லும் எண்ணும் உங்கள் ஆறு லட்சத்துக்கு ஒன்றுவிட்ட தம்பிதான்.

துலுக்க நாச்சியார் கதையைக் கேட்டிருப்பீர்கள். டெல்லி சுல்தானின் மகள் பெருமாள்மேல் ஆசைப்பட்டு, அவர் பின்னாலேயே வந்துவிட்டாள். டெல்லிப் பக்கத்தில் இதற்கு ஆதாரம் கிடையாது. போதாததற்கு மேல்கோட்டையிலும் இதே கதையை ராமானுஜரோடு சேர்த்துச் சொல்கிறார்கள். மரபுப்படி ராமானுஜர் பரமபதித்தது 1137இல். டெல்லியில் சுல்தானகம் ஏற்பட்டதோ 1206இல். கணக்கு உதைக்கிறது. ஆனாலும் இன்றைக்கும் கோயிலில் அவளுக்குச் சன்னதி இருக்கிறது, பெருமாளுக்கு அவள் பேரில் ரொட்டி அமுதாகிறது. சிறு வயதில் அந்த ரொட்டிக்காகவே கதையை நம்பியவன் நான்!

அப்படியானால் எல்லாமே கட்டுக்கதையா? அதற்கும் கோயில் சுவர் இடம் கொடுக்காது. ஸ்ரீரங்கத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். மத்திய தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் 24ஆம் தொகுதி முழுக்க எங்கள் கோயிலுக்கே போய்விட்டது. அவற்றில் ஒன்று இரண்டே சமஸ்கிருத சுலோகம். வேதாந்த தேசிகர் பாடியது என்பார்கள். விஜயநகர அதிகாரி கோபணாரியர் ரங்கநாதரைத் திருமலையிலிருந்து செஞ்சிக்குக் கொண்டுவந்து, துலுக்கரை வென்று, மறுபடி ஸ்ரீரங்கத்தில் எழுந்தருளச் செய்தார் என்கிறது. சக வருஷம் 1293, அதாவது கி.பி. 1371. சுல்தான் மகளைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

கல்லைவிட எனக்குப் பெரிதாகப் படும் சாட்சி வேறொன்று. பெருமாள் இல்லாத காலத்தில் பூஜைக்கு இன்னொரு விக்கிரகம் செய்து வைத்துவிட்டார்கள். பழையவர் திரும்பியபோது இவர்தான் அவர் என்று அடையாளம் சொல்ல ஊரில் ஆளில்லை. பார்வை போன கிழவர் ஒருவர், கோயில் துணி வெளுக்கும் ஈரங்கொல்லி, இரண்டு மூர்த்திகளின் ஈர ஆடையைப் பிழிந்த தீர்த்தத்தையும் வாயில் விட்டுப் பார்த்து, "இவரே நம்பெருமாள்" என்றாராம். கிழவர் கதை மெருகேறியதாக இருக்கலாம். ஆனால் இரண்டாவது மூர்த்தி, திருவரங்க மாளிகையார், இன்றும் கோயிலில் இருக்கிறார். ஒருவர் நெடுங்காலம் ஊரில் இல்லாமல் போனதால் வந்த மூர்த்தி அவர்.

இப்போது உங்கள் வேதாகமத்துக்கு வருகிறேன். எருசலேம் தேவாலயம் இடிந்தது கி.மு. 586. பாபிலோனில் சிறையிருந்த யூதர்களைப் பாரசீக ராஜா கோரேஸ் திரும்பிப் போகச் சொன்னது 538. கழித்துப் பாருங்கள்: 48. எங்கள் 1371இலிருந்து 1323ஐக் கழித்தாலும் 48தான். இதில் தெய்வச் செயல் எதுவும் தேடாதீர்கள், தற்செயல். எரேமியா எழுபது என்கிறார். எங்கள் மரபிலும் அறுபதை ஒட்டிச் சொல்லும் கணக்கு உண்டு. ஊரை விட்டுப் போனவர்களுக்கு வருஷம் நீளமாகத்தான் தெரியும். எஸ்றா புத்தகத்தில் புது ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டபோது, முந்தின ஆலயத்தைக் கண்ணால் பார்த்திருந்த முதியவர்கள் சத்தமிட்டு அழுதார்கள் என்று வருமே, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஈரங்கொல்லிதான் நினைவுக்கு வருவார்.

இந்தப் பாபிலோன் சிறையிருப்புக்கு வெளிச் சாட்சி எங்கிருந்து வந்தது தெரியுமா? பாபிலோன் அரண்மனையின் எண்ணெய்க் கணக்கிலிருந்து. அங்கே தோண்டியபோது கிடைத்த களிமண் பலகைகளில் யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கும் அவன் பிள்ளைகள் ஐவருக்கும் அளந்து கொடுத்த எண்ணெய் பதிவாகியிருக்கிறது. 1939இல் அவற்றைப் படித்து வெளியிட்டார்கள். எழுதிய கணக்குப்பிள்ளைக்கு வேதாகமமும் தெரியாது, தீர்க்கதரிசியும் தெரியாது. அவனுக்கு அன்றைய அளவு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவே. நாங்களும் கோயில் சுவர்களில் விளக்குக்கு அளந்த எண்ணெய்க் கணக்கைத்தான் அதிகம் நம்புகிறோம், ராஜாவின் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியை அல்ல. 1879இல் கிடைத்த கோரேஸின் களிமண் உருளை, தெய்வங்களை அவரவர் ஊருக்கே திருப்பி அனுப்பியதாகச் சொல்கிறது. எருசலேம் பேர் அதில் இல்லை. ஆனால் அவன் அப்படிச் செய்கிற ராஜாதான் என்று தெரிகிறது.

ராஜாக்கள் எதை எழுத மாட்டார்கள் என்பதற்கும் ஒரு உதாரணம் சொல்கிறேன். கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின்மேல் வந்தான். அரண்கொண்ட 46 ஊர்களைப் பிடித்ததாகவும் யூதாவின் ராஜா எசேக்கியாவை எருசலேமுக்குள் அடைத்துவைத்ததாகவும் எழுதினான். எருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் எழுதவில்லை. வேதாகமம் ஒரே இரவில் 1,85,000 அசீரியர் செத்ததாகச் சொல்கிறது. எண்ணை ஒதுக்கிவிடுங்கள். நகரம் விழவில்லை என்பதை எதிரியின் மௌனமும் ஒப்புக்கொள்கிறது.

ஆகவே, மோசேயின் எகிப்துப் புறப்பாட்டையும் பாபிலோன் சிறையிருப்பையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்பேன். தோற்ற ராஜா தன் தோல்வியை எழுதாதது எதிர்பார்க்கக்கூடியது. பார்வோனுக்கும் அந்தச் சலுகையைத் தரலாம். இருபது லட்சம் பேரின் சட்டியும் பானையும் தடமில்லாமல் போனதற்கு அந்தச் சலுகை செல்லாது. சிறு கூட்டம் ஒன்று எகிப்திலிருந்து தப்பி வந்திருக்கக்கூடும். அதன் நினைவு பிறகு ஒரு ஜனம் முழுவதற்கும் சொந்தமாகியிருக்கக்கூடும். இது என் ஊகம். ஊகம் என்றே பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிறு அந்தப் பையனை எழுப்பி நிறுத்தி, "புறப்பாட்டைப் பற்றி எகிப்தில் எழுத்து எதுவும் கிடைக்கவில்லை, நீ கேட்டது சரி" என்று வகுப்பறிய ஒருமுறை சொல்லிவிடுங்கள். பிறகு யோயாக்கீனின் எண்ணெயைச் சொல்லுங்கள். நேரமிருந்தால் எங்கள் ரொட்டியையும்.

அவன் அடுத்து என்ன கேட்டான் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ஸ்ரீரங்கத்திலிருந்து.