வேலைக்கும் விசேஷத்துக்கும்: ஆண்கள் உடை பற்றிச் சில பாடங்கள்



மலேசியாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் உங்கள் தெருவில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே மலாய் முஸ்லிம்கள் வீட்டிலும் தொழுகைக்கும் கட்டுகிற கட்டம் போட்ட கைலிக்கு ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். காயின் என்றால் துணி. பெலிக்காட் என்பது நம் பழவேற்காடு. ஆங்கிலேயர் புலிகாட் என்று எழுதிய, நம் திருவள்ளூர் மாவட்டக் கடற்கரை ஊர். அங்கே 1613இல் டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை எழுந்தது. இந்தக் கரையில் வாங்கிய பருத்தித் துணியை அவர்கள் கப்பலில் கிழக்கே கொண்டுபோய், வாசனைப் பொருள்களுக்கு மாற்றினார்கள். துணி போன இடத்தில் ஊர்ப் பெயரும் தங்கிவிட்டது.

அந்தக் கைலிக்கு அத்தனை தூரத்தில் மதிப்பு கிடைத்ததற்கு ஒரு எளிய காரணம் உண்டு. வெயிலும் ஈரக்காற்றும் சேர்ந்த ஊர்களுக்குப் பருத்திதான் ஒத்துவரும். உலர்ந்த பருத்தி நூல்கூட காற்றிலிருந்து தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. அதனால்தான் பளபளவென்று இருக்கும் மலிவுச் சட்டை பஸ்ஸில் நின்றபடி கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்வதற்குள் முதுகில் ஒட்டிக்கொள்கிறது, நாற்றமும் எடுக்கிறது. சட்டையின் உள்பக்கத் தையலில் சின்ன லேபிள் இருக்கும். அதில் 65/35 என்று இருந்தால் பெரும்பாலும் 65 பங்கு பாலியெஸ்டர், 35 பங்கு பருத்தி. இஸ்திரி அதிகம் வேண்டாம், சீக்கிரம் காயும் என்பது அதன் நன்மை. ஆபீஸ் வேலைக்கு அது போதும். சித்திரை, வைகாசியில் வெளியே அலைகிறவர் முழுப் பருத்தியே எடுக்கட்டும்.

லேபிள் இல்லாத துணியா? மடிப்பின் உள்ளே இருந்து இரண்டு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி, காகிதம் எரிந்த வாடையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். பட்டு, முடி கருகிய நாற்றம் தரும். மார்க்கத்தில் ஆண்களுக்குப் பட்டு தடுக்கப்பட்டிருப்பதால் இந்தச் சோதனை நமக்கு இன்னொரு வகையிலும் உதவும். நிக்காஹ் நேரத்தில் ‘பட்டு’ என்று சொல்லி விற்கும் வேட்டி, சேர்வானிகளில் பல செயற்கை நூல்தான். சுத்தப் பட்டுக்கு ‘சில்க் மார்க்’ முத்திரை இருக்கும். மற்றவர்கள் அந்த முத்திரையைத் தேடி வாங்குவார்கள். நம் மாப்பிள்ளைகள் அதைப் பார்த்ததும் கீழே வைத்துவிட வேண்டும்.

இனி, உயிர் சம்பந்தப்பட்ட பாடம். சிப்காட் பகுதியில் உருக்கு ஆலைகளிலும் வெல்டிங் பட்டறைகளிலும் நம் பிள்ளைகள் பலர் வேலைக்குப் போகிறார்கள். மேலே சொன்ன அந்த ‘உருகி மணியாகும்’ குணம்தான் அங்கே ஆபத்து. பாலியெஸ்டர் சுமார் 260 டிகிரி செல்சியஸில் உருகும். உருகியது தோலில் ஒட்டிக்கொண்டு காயத்தை ஆழமாக்கும். பருத்தியும் தீப்பிடிக்கும்தான், ஆனால் உருகி ஒட்டாது. எனவே கம்பெனி கொடுக்கும் உடுப்புக்கு உள்ளே போடும் பனியன், பேண்ட் இரண்டும் பருத்தியாக இருக்கட்டும். விளையாட்டு டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டு உலைக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள்.

ஓடும் இயந்திரத்துக்கு அருகில் தொளதொளப்பான எதுவும் கூடாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஓடுகிற இயந்திரத்தைச் சோதிக்கவோ எண்ணெய் இடவோ போகிறவர் உடம்போடு ஒட்டிய உடை அணிய வேண்டும், அதை ஆலை நடத்துபவரே தர வேண்டும் என்று எழுதி வைத்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடித்து ஜிப்பாவோடு நேராக ஷிப்டுக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்கவும். கையில் ஒரு சட்டையை மடித்து எடுத்துப் போவது ஒரு நிமிட வேலை. மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துத் துண்டு மூன்றும் லாக்கரில் இருக்கட்டும்.

தாடி பற்றியும் சொல்லியாக வேண்டும். முகத்தோடு இறுக ஒட்டி அடைக்கும் மாஸ்க், தாடியின் மேல் சரியாக அடையாது. இடுக்கு வழியாகத் தூசியும் வாயுவும் உள்ளே போகும். அப்படிப்பட்ட பிரிவில் போட்டால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். தலை முழுவதும் மூடி, உள்ளே சுத்தமான காற்றை ஊதும் ஹூட் வகை இருக்கிறது. அது தாடிக்காரர்களுக்கும் பொருந்தும். அதைத் தர முடியுமா, இல்லை வேறு பிரிவு தர முடியுமா என்று சூப்பர்வைசரிடம் முதல் நாளே கேளுங்கள்.

இன்டர்வியூவுக்குப் போகும் ஐடிஐ பையனுக்குப் புது உடை தேவையில்லை; அளவான உடை தேவை. சட்டையின் தோள்தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும், கீழே இறங்கி வழியக் கூடாது. மேல் பட்டனைப் போட்டால் கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். முழுக்கை மணிக்கட்டு எலும்பில் முடிய வேண்டும். தோளைத் திருத்துவது டெய்லருக்குக் கஷ்டம், ஆகவே தோள் பொருந்தாத சட்டையை வாங்கவே வேண்டாம். இடுப்பும் கால் நீளமும் எளிதாகத் திருத்தக் கூடியவை. பேண்ட் கணுக்காலுக்குக் கீழே போகக் கூடாது என்று எண்ணுபவர்கள் அதைச் சுருட்டி மடித்துவிடாமல், டெய்லரிடம் கொடுத்துத் தைத்துவிட்டால் கண்ணியமாக இருக்கும். வெளிர் நிறச் சட்டை, அடர் நிற பேண்ட், துடைத்த ஷூ, வெட்டிய நகம், சீவிய தாடி. தொப்பி போட்டிருந்தால் அதுவும் துவைத்ததாக இருக்கட்டும்.

பெண் பார்க்கப் போகும் நாளில் நம் வீடுகளில் நடக்கும் கூத்து தனி. மச்சானிடம் கடன் வாங்கிய கோட்டு, நண்பனின் கடிகாரம், மூக்கைத் துளைக்கும் சென்ட். பெண் வீட்டார் அன்றைக்குப் பார்ப்பது உங்களை. பெண் பிறகு வாழப் போவதும் உங்களோடுதான், கோட்டோடு அல்ல. இல்லாததை இருப்பதாகக் காட்டுவதைப் பொய்யான உடைக்கு ஒப்பிட்ட ஹதீஸை நம் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். நீங்கள் பெருநாளுக்குப் போடுகிற சொந்த உடை, இஸ்திரி போட்டு, ஒரு துளி அத்தர். அது போதும். நிக்காஹ் சேர்வானிக்கு வட்டிக்கடன் வாங்குவதைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை: போடுவது ஒரு நாள், தவணை ஒரு வருடம். வாடகைக்குக் கிடைக்கிறது, அண்ணன் போட்டதைத் தம்பிக்குத் திருத்தியும் தைக்கலாம்.

துவைப்பதும் உடையில் சேர்த்திதான். 1958இல் நம் மெட்ராஸ் கட்டத் துணி அமெரிக்காவில் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டையாக விற்றபோது, குளிர்ந்த நீரில் தனியாக அலச வேண்டும் என்ற விவரம் வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சாயம் கரைந்து மற்ற துணிகளில் ஏறி, புகார் குவிந்தது. பிறகு ‘சாயம் போகும் மெட்ராஸ்’ என்பதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள் என்பது வேறு கதை. நம் வீட்டில் அப்படி விற்க வழியில்லை. புதுக் கைலியை முதல் மூன்று தடவை தனியாக அலசுங்கள், உள்பக்கத்தைத் திருப்பி நிழலில் காயப்போடுங்கள்.

இதையெல்லாம் உம்மாவோ மனைவியோ செய்வார்கள் என்று பல ஆண்கள் நினைக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் ஆடையைத் தாமே தைத்தார்கள், செருப்பைத் தாமே செப்பனிட்டார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். பட்டன் தைக்கவும் இஸ்திரி போடவும் பதினைந்து வயதுப் பையனுக்குக் கற்றுக்கொடுத்தால், நாளை ஹாஸ்டலிலும் வெளிநாட்டிலும் அவனுக்கு உதவும்.

வசதியுள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏழைப் பிள்ளைகளுக்கென்று சட்டை, பேண்ட் கொடுக்கும்போது, இன்டர்வியூவுக்கு அப்படியே போட்டுப் போகிற மாதிரி கொடுங்கள்: துவைத்து, விட்டுப்போன பட்டனைத் தைத்து, அளவை ஒரு சீட்டில் எழுதிக் காலரில் குத்தி.